பழைய கம்பியூட்டருக்கு வேறு புரொசசர் போடலாமா?

(தோட்டப் பெற்றோருக்கும் இளைஞர்களுக்குமான கணனி அறிவூட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்து, வீட்டு வேலையையும் முடித்துவிட்டு இந்த நேரத்துக்கு நீங்கள் வந்து உட்கார்ந்திருப்பதே பெரிய காரியம். ஆகவே சுற்றி வளைக்காமல் விடயத்துக்கு வருகிறேன்.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகளின் பாடம் போனிலும் கம்பியூட்டரிலும் வந்தது. அதற்குப் பிறகு நமது லயங்களிலும் சில வீடுகளில் பழைய கம்பியூட்டர்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் அநேகமானவை அலுவலகங்களில் பல வருடம் பாவித்துக் கழித்தவை. ஆரம்பத்தில் ஓடியது, இப்போது பட்டனை அழுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்து வரும்வரை திரை தெளியவில்லை. உயர்தரம் படிக்கிற பிள்ளை முகத்தைச் சுளிக்கிறது. டவுனில் கொண்டுபோய்க் காட்டினால், "புரொசசர் பழசு, மாத்தினா பறக்கும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். உடனே தீபாவளி முற்பணத்திலே கை வைக்க யோசிக்கிறோம்.

எத்தனை நாள் பேர் போட்டுச் சேர்த்த காசு அது! அதைக் கொடுப்பதற்கு முன்பு இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, இந்தப் பெட்டிக்கு வேறு புரொசசர் பொருந்துமா? இரண்டாவது, பொருந்தினாலும் நமது கஷ்டம் அதனால் தீருமா? சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில பெட்டிகளுக்குப் பொருந்தும். ஆனால், பொருந்துகிற பெட்டிகளில்கூட, முதலில் செலவழிக்க வேண்டிய இடம் பெரும்பாலும் புரொசசர் அல்ல.

தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள்

புரொசசர் என்பது கணக்குப் போடுகிற சில்லு. கம்பியூட்டரின் மூளை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். நமக்கு அதைவிட நன்றாக விளங்குகிற உதாரணம் நமது தேயிலைத் தொழிற்சாலைதான்.

மலையிலிருந்து லொறி கொழுந்தைக் கொண்டுவருகிறது. மாடியில் அது வாடுகிறது. பிறகு ரோலரில் விழுகிறது. கம்பியூட்டரில் ஹார்ட் டிஸ்க்தான் லொறி. சேமித்து வைத்திருப்பதைக் கொண்டுவந்து தருகிறது. ரேம்தான் மாடி, உடனடி வேலைக்கு வேண்டியதைப் பரப்பி வைக்கிற இடம். புரொசசர்தான் ரோலர். லொறி பாதையில் இறுகி நின்றுவிட்டால், அல்லது மாடியில் இடமில்லாமல் போனால், எவ்வளவு பெரிய ரோலர் வாங்கிப் பூட்டினாலும் அது சும்மாதான் நிற்கும். தேயிலை கூடாது, கரண்ட் பில்தான் கூடும்.

ஆகவே, எந்த இடத்தில் அடைப்பு என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அதற்குக் காசு தேவையில்லை. விண்டோஸ் ஓடுகிற கம்பியூட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று சதவீதம் தெரியும். பிள்ளை வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, சிபியு 20, 30 என்று இருந்தால் லொறியில்தான் தாமதம். மெமரி 90க்கு மேலே போய் நின்றால் மாடி நிறைந்துவிட்டது. டிஸ்க்கும் மெமரியும் சும்மா இருக்க, சிபியு மட்டும் 100லேயே நீண்ட நேரம் நின்றால்தான் புரொசசரைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதும் வைரஸ் ஏதும் ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எல்லாப் புரொசசரும் எல்லாப் போர்டிலும் உட்காராது

சரி, புரொசசர்தான் குறை என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை மாற்றலாமா?

கம்பியூட்டரின் உள்ளே இருக்கிற பெரிய பலகை மதர்போர்ட். அதிலே புரொசசர் உட்காருகிற இருக்கைக்குச் சொக்கெட் என்று பெயர். 1990களின் நடுப்பகுதியில் சொக்கெட் 7 என்ற ஒரே இருக்கையில் இன்டெல், ஏஎம்டி, சைரிக்ஸ் ஆகிய மூன்று கம்பெனிகளின் புரொசசர்களும் உட்கார்ந்தன. 1997 இல் இன்டெல் தனது பென்டியம் 2 ஐ வேறு மாதிரியான இருக்கைக்குக் கொண்டுபோனது. அதன் பிறகு கம்பெனிகளின் பாதை பிரிந்துவிட்டது. இன்று இன்டெல் போர்டில் ஏஎம்டி புரொசசர் உட்காராது. ஏஎம்டி போர்டில் இன்டெலும் உட்காராது.

ஒரே கம்பெனிக்குள்ளும் இருக்கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்டெலின் மேசைக் கம்பியூட்டர்களில் 2004 இல் எல்ஜிஏ 775 வந்தது. கோர் 2 டுவோ எல்லாம் அதைச் சேர்ந்தவை. 2011 இல் எல்ஜிஏ 1155. கோர் ஐ3, ஐ5, ஐ7 வரிசையில் 2 ஆம், 3 ஆம் தலைமுறைகள் அதில் உட்காரும். 2013 இல் 4 ஆம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1150. 2015 இல் 6 ஆம் தலைமுறையோடு எல்ஜிஏ 1151. இந்த எண்கள் அந்த இருக்கையில் உள்ள தொடுமுனைகளின் எண்ணிக்கை. 1155 இல் இருப்பதை 1150 இல் வைக்க முடியாது. ஐந்துதானே வித்தியாசம் என்று அழுத்தினால் இரண்டும் பாழ்.

எண் ஒன்றாக இருந்தாலும் ஏமாறக் கூடாது. 2017 இல் வந்த 8 ஆம் தலைமுறைக்கும் எல்ஜிஏ 1151 என்றுதான் பெயர். ஆனால் 6 ஆம், 7 ஆம் தலைமுறைக்குச் செய்த போர்டுகளில் அது ஓடாது. அதற்கென்று செய்த புதிய போர்ட் வேண்டும். 1155 இலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. 2 ஆம் தலைமுறைக்கு என்று வந்த போர்டில் 3 ஆம் தலைமுறை ஓட வேண்டுமானால் பயோஸ் என்ற அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். சில போர்டுகளுக்கு அந்தப் புதுப்பிப்பே கிடையாது.

ஆக, மூன்று பூட்டு இருக்கிறது. ஒன்று சொக்கெட். இரண்டு, போர்டும் அதன் பயோசும் அந்தப் புரொசசரை ஏற்றுக்கொள்ள வேண்டும். மூன்று, மின்சாரமும் சூடும். மூன்றும் திறந்தால்தான் வேலை நடக்கும்.

ஒரு பெட்டியை எடுத்துப் பார்ப்போம்

2011 இல் வந்த ஒரு கம்பியூட்டர். உள்ளே கோர் ஐ3-2100. அதற்கு 2 கோர், வேகம் 3.1 கிகாஹேர்ட்ஸ். அதாவது கணக்குப் போட இரண்டு ஆள் இருக்கிறார்கள். இதே 1155 இருக்கையில், இதே 2 ஆம் தலைமுறையில், ஐ5-2400 க்கு 4 கோர். ஐ7-2600 க்கும் 4 கோர், ஆனால் அது ஒரே நேரத்தில் 8 வேலையைக் கையாளும். தலைமுறை ஒன்றாக இருப்பதால் பயோஸ் தொல்லை குறைவு. மாற்றினால் வித்தியாசம் தெரியும்; பல நிரல்களை ஒன்றாகத் திறக்கிறவர்களுக்கும், வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் நன்றாகவே தெரியும்.

ஆனால் மூன்றாவது பூட்டைப் பாருங்கள். ஐ3-2100 க்கு 65 வாட்ஸ் என்று கணக்கு. ஐ5-2400 க்கும் ஐ7-2600 க்கும் 95 வாட்ஸ். அலுவலகத்திலிருந்து வந்த மெல்லிய பெட்டியாக இருந்தால் அதிலுள்ள சின்ன விசிறி அந்தச் சூட்டைத் தாங்காமல் போகலாம். சூடு ஏறினால் புரொசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் வெளியே வராது. அப்படியான பெட்டிக்கு 65 வாட்ஸில் வருகிற ஐ5-2400எஸ் பொருத்தம். வேகம் கொஞ்சம் குறைவு, சூடும் குறைவு.

இன்னொரு கண்ணியும் உண்டு. சில புரொசசர்களுக்குள் படம் காட்டுகிற பகுதி இல்லை. 2019 முதல் வந்த இன்டெல் புரொசசர்களில் எண்ணின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அது அந்த வகை. தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத பெட்டியில் அதைப் பூட்டினால், உள்ளே எல்லாம் ஓடும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 இருக்கைக்கு வந்த ரைசன் புரொசசர்களில் இது மறுபக்கம்: பெயரில் ஜி என்ற எழுத்து இருப்பவற்றில்தான் படம் காட்டுகிற பகுதி இருக்கும்.

விண்டோஸ் 11 க்காக மாற்றலாமா?

விண்டோஸ் 10 க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. அதனால், "புரொசசரை மாத்தி 11 போட்டுத் தாறோம்" என்று யாராவது சொல்லக்கூடும். கவனம்!

விண்டோஸ் 11 க்கு இன்டெல் என்றால் பொதுவாக 8 ஆம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசொப்ட் அங்கீகாரம் கொடுக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 1155 போர்டில் 3 ஆம் தலைமுறைக்கு மேல் எதுவும் உட்காராது. பழைய 1151 போர்டில் 7 க்கு மேல் உட்காராது. ஆகவே இந்தப் போர்டுகளில் எந்தப் புரொசசரை வாங்கிப் பூட்டினாலும் அந்த வாசல் திறக்காது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படி ஏற்றிய கம்பியூட்டருக்குப் புதுப்பிப்பு தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். 2017 இல் வந்த முதலாம் தலைமுறை ரைசன் கம்பியூட்டர் உங்களிடம் இருந்தால், அது விண்டோஸ் 11 பட்டியலில் பெரும்பாலும் இல்லை. ஆனால் அதே ஏஎம்4 இருக்கையில் 5000 வரிசை ரைசன் வரைக்கும் வந்திருக்கிறது. போர்ட் கம்பெனி அதற்கான பயோஸ் வெளியிட்டிருந்தால், புரொசசரை மட்டும் மாற்றியே விண்டோஸ் 11 க்குப் போகலாம். புரொசசர் மாற்றுவது உண்மையிலேயே பெட்டியின் ஆயுளைக் கூட்டுகிற இடம் இதுதான்.

மற்றவர்களுக்கு வழி அடைத்துவிட்டதா? இல்லை. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் இருக்கின்றன. 4 ஜிபி ரேம் உள்ள பழைய பெட்டியிலும் அது ஓடும். தமிழிலும் தட்டச்சுச் செய்யலாம். கடிதம் எழுத, கணக்குப் பட்டியல் போட, இணையத்தில் பாடம் பார்க்க எல்லாம் முடியும். பள்ளிக்கூடத்தில் ஐ.சி.டி. பாடத்துக்குக் குறிப்பிட்ட நிரல்தான் வேண்டுமென்றால் ஆசிரியரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காசை எந்த வரிசையில் செலவழிப்பது?

முதலாவது, துப்புரவு. பெட்டியின் விசிறியிலும் அலுமினியத் தகட்டிலும் தூசி அடைந்திருந்தால் சூடு வெளியேறாது. புரொசசருக்கும் தகட்டுக்கும் இடையில் பூசுகிற தேர்மல் பேஸ்ட் வருடக்கணக்கில் காய்ந்துபோய் இருக்கும். அதைத் துடைத்துப் புதிதாகப் பூசினாலே சில பெட்டிகள் திருந்திவிடும்.

இரண்டாவது, எஸ்எஸ்டி. நல்ல நிலையிலுள்ள ஹார்ட் டிஸ்க் ஒரு செக்கனுக்குச் சுமார் 100 முதல் 150 மெகாபைட் வாசிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி சுமார் 500 வாசிக்கும். சின்னச் சின்னக் கோப்புகளை அங்குமிங்கும் தேடி எடுப்பதில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு பெரிது. கம்பியூட்டர் திறக்கும்போது நடப்பதே அந்த வேலைதான். 2011 ஆம் ஆண்டுப் பெட்டிக்கும் இது பொருந்தும். பிறகு பெட்டி பழுதாகிப் போனாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி அடுத்த பெட்டியில் பூட்டிக்கொள்ளலாம். பழைய புரொசசர் அப்படி எல்லாவற்றுக்கும் உதவாது.

மூன்றாவது, ரேம். 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள். டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 என்பவற்றில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. எது என்று பார்த்து வாங்குங்கள். விண்டோஸ் 32 பிட் வகையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பலன் இல்லை. 64 பிட் வகையை ஏற்ற வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் சிபியு 100 இலேயே நின்றால், நான்காவதாகப் புரொசசர். போர்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்ற நிலை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். போர்ட் மாறினால் பெரும்பாலும் ரேமும் மாறும், சில வேளை பவர் சப்ளையும் மாறும். அந்தக் காசுக்கு இன்னும் புதிய தலைமுறைப் பாவித்த பெட்டி ஒன்று வாங்க முடியுமா என்று விசாரிப்பதுதான் புத்தி.

மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 க்குப் பிறகு வந்த மடிக்கணினிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் புரொசசர் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். எஸ்எஸ்டியும், இடமிருந்தால் ரேமும் மட்டும் போதும்.

கடைக்குப் போகும்போது

விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற பக்கத்தைத் திறந்தால் புரொசசரின் முழுப் பெயர், போர்டின் மாதிரி எண், பயோசின் பதிப்பு ஆகிய மூன்றும் இருக்கும். அவற்றைக் கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போர்ட் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அந்த மாதிரி எண்ணுக்கு எந்தெந்தப் புரொசசர் பொருந்தும் என்று பட்டியல் இருக்கும். வீட்டில் உள்ள பிள்ளைகள் போனிலேயே பார்த்துச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், "போட்டுப் பாப்போம்" என்ற பேச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பெட்டியை விட்டுவிட்டு வருவதற்கு முன் பிள்ளையின் பாடக் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். பில் கேளுங்கள். அதில் புரொசசரின் எண்ணும் உத்தரவாத நாட்களும் எழுதியிருக்க வேண்டும். கழற்றிய பழைய புரொசசரையும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து. பெட்டியைத் திருப்பி எடுக்கும்போது அதே சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, பில்லில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். கொழுந்து நிறுக்கும்போது தராசைப் பார்க்கிறோம் அல்லவா? இங்கேயும் பார்க்கத்தான் வேண்டும்.

பயோஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தால் லயத்தில் வைத்துச் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடக்கூடும். யுபிஎஸ் உள்ள இடத்தில் செய்விப்பது பாதுகாப்பு.

தம்பிமார் சிலர் தாங்களே மாற்றிப் பழக விரும்புவீர்கள். நல்லது. ஆனால் கவனம். வயரை முழுதாகக் கழற்றுங்கள். பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும். இன்டெல்லின் எல்ஜிஏ போர்டில் மெல்லிய கம்பிகள் சொக்கெட்டிலேயே இருக்கும். ஒன்று வளைந்தாலும் சரிசெய்வது கடினம். ஏஎம்4 இல் கம்பிகள் புரொசசரின் அடியில் இருக்கும். விசிறித் தகட்டை இழுக்கும்போது காய்ந்த பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு புரொசசரும் பிய்ந்து வரும். கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, பிறகு நிறுத்தி, வயரையும் கழற்றிவிட்டு, தகட்டை மெதுவாகத் திருகி எடுங்கள்.

நம்மிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி

முன்வரிசையில் இருக்கிற அம்மா ஒருவர் கேட்டார்: "ஐயா, எங்க வீட்டுல ரெண்டு பெட்டி கெடக்கு. ரெண்டும் அரையும் குறையும். ஒன்னோட சாமானை மத்ததுல போட ஏலாதா?"

நல்ல கேள்வி அம்மா. ஏலும், பல நேரம் அதுதான் சிக்கனமான வழி. இரண்டும் ஒரே சொக்கெட், ஒரே தலைமுறை என்றால் நல்ல புரொசசரை நல்ல போர்டுக்கு மாற்றலாம். ரேம் ஒரே வகை என்றால் இரண்டையும் சேர்த்துப் போடலாம். உங்கள் வீட்டில் மட்டுமல்ல, பக்கத்து லயத்திலும் ஓடாத பெட்டிகள் மூலையில் கிடக்கும். எண்களை எழுதி ஒப்பிட்டுப் பார்த்தால், ஓடாத மூன்றிலிருந்து ஓடுகிற ஒன்றோ இரண்டோ தேறலாம். இளைஞர் கழகத் தம்பிமார் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாக எடுத்துச் செய்யலாம்.

மிஞ்சுகிற பலகைகளையும் வயர்களையும் லயத்துக்குப் பின்னால் போட்டு எரிக்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு. பழைய போர்டுகளின் பற்றவைப்பில் ஈயம் இருக்கிறது; அது தண்ணீரில் கலக்கக் கூடாது. போர்டில் உள்ள காசு வடிவச் சின்ன பற்றரியைக் கழற்றினால் கைக்குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். தப்பித் தவறி ஒரு பிள்ளை அதை விழுங்கிவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். அது தொண்டையை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் புரொசசரின் பெயர், போர்டின் எண், பயோசின் பதிப்பு, ரேமின் அளவு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். கூடவே டாஸ்க் மனேஜரில் எது 100 சதவீதத்தில் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாளை அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். யாருக்குத் துப்புரவு போதும், யாருக்கு எஸ்எஸ்டி வேண்டும், யாருக்கு உண்மையிலேயே புரொசசர் மாற்றலாம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தே பார்ப்போம். அதுவரைக்கும் முற்பணத்தைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.